பெட்டிக்குள் ஏழு நோட்டு

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில் கீரனூர் வரும். அங்கிருந்து பக்கத்தில்தான் குளத்தூர். தாலுகாவுக்குப் பெயர் குளத்தூர். தாலுகா கச்சேரி இருப்பதோ கீரனூரில்! பெயர் ஓரிடம், காரியம் ஓரிடம். இந்த வேடிக்கையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. பின்னால் உபயோகப்படும்.

சென்ற மாதம் குளத்தூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஏழு மொய் நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலியாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, புது வீட்டுக்கு ஒன்று என்று சேர்ந்துபோனவை.

புதுக்கோட்டைச் சீமையில் மொய் என்பது விளையாட்டல்ல. கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைக்கிறார்கள். வட்டியில்லாக் கடன்தான், ஆனால் திருப்பிச் செய்யாவிட்டால் மானம் போய்விடும்.

"என்ன பெரியம்மா, பரீட்சைக்குப் படிக்கிறீர்களா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. உறவுக்காரி ஒருத்தி, புருஷனை இழந்தவள். அவள் பேரனுக்குக் காதுகுத்தாம். "போன தடவை அவ வீட்டு விசேஷத்துக்கு, நோட்டிலே அவ பேரு இல்லையேன்னு நூத்தியொரு ரூபாய் வச்சிட்டு வந்துட்டேன். பிறகுதான் தெரிஞ்சுது, நம்ம வீட்டுக் கலியாணத்துக்கு அவ புருஷன் பேரிலே இரண்டாயிரம் எழுதியிருக்கு. அவ ஒரு வார்த்தை கேட்கலை. அதுதான் என் நெஞ்சை அறுக்குது."

திருச்சியில் கம்ப்யூட்டர் படிக்கும் பேத்தி அருகில் வந்து உட்கார்ந்தாள். "அப்பத்தா, நான் இதை செல்போனில் பார்க்கிற மாதிரி செய்து தரட்டுமா?" என்றாள்.

முதலில் ஆளுக்கு ஒரு வரி போட்டு, அதன் எதிரே அவர் வந்த விசேஷங்களையெல்லாம் எழுதிப் பார்த்தாள். கட்டத்துக்குள் அடங்கவில்லை. விசேஷத்துக்கு ஒரு வரி போட்டு ஆட்களை அடுக்கினாள். பழைய நோட்டேதான் மறுபடி வந்தது!

"பாருங்கள் அத்தை, ஒருவர் பல விசேஷத்துக்கு வருகிறார், ஒரு விசேஷத்துக்குப் பலர் வருகிறார்கள். தொகையை எங்கே எழுதுவது? ஆளோடும் ஒட்டாது, விசேஷத்தோடும் ஒட்டாது. இரண்டும் சந்திக்கிற இடத்துக்கென்று தனியாக ஒரு நோட்டு வேண்டும்" என்றாள்.

ஆட்களுக்கு ஒரு நோட்டு. விசேஷங்களுக்கு ஒரு நோட்டு. நடுவே மூன்றாவது நோட்டு. அதில் ஆளின் எண், விசேஷத்தின் எண், தொகை, அவ்வளவுதான். இப்படி விவரங்களைப் பட்டியல்களாகப் பிரித்து, எண்ணால் இணைக்கும் முறையை எட்கர் காட் என்ற அறிஞர் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்தபோது 1970-ல் கட்டுரையாக வெளியிட்டார். பேத்தி கையாண்ட 'ஜாங்கோ' என்னும் சாதனம் 2005-ல் வெளியானது. நடு நோட்டை அதுவே போட்டுக்கொள்ளுமாம். ஆனால் தொகையும் எழுத வேண்டுமென்றால் அந்த நோட்டை நாமே வகுத்துக் கொடுக்க வேண்டும்.

இனி எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கலாம். "இந்தக் கலியாணத்துக்கு யார் யார் செய்தார்கள்?" என்றாலும் பதில் வரும், "இவர் நமக்கு எப்போதெல்லாம் செய்தார்?" என்றாலும் வரும்.

ஆரம்பத்தில் பதில் வர வெகுநேரம் ஆயிற்று. முந்நூறு பேர் என்றால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய் நடு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்ததாம். கடுகுக்கு ஒரு தரம், சீரகத்துக்கு ஒரு தரம் கடைக்கு ஓடுவோமா? ஜாபிதா எழுதி ஒரே நடையில் வாங்கி வருவோம். அப்படியே கேட்கச் சொன்னாள், நொடியில் வந்தது. இன்னொரு வேடிக்கை: ஒரே விசேஷத்தில் இரண்டு தரம் மொய் எழுதியவரின் பெயர் இரண்டு தரம் வந்தது. தலை எண்ணும்போது அவரை ஒரு தரம்தான் எண்ண வேண்டும். தொகை கூட்டும்போது இரண்டையும் கூட்ட வேண்டும். கேட்கிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும்!

எல்லாம் ஆனபின் பெரியம்மா அந்த உறவுக்காரியின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னாள். "ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தது!

குளத்தூர்த் தாலுகாவைச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? பெயர் புருஷனுடையது, செய்தவள் இவள். நோட்டு எழுதியவர் ஆண்பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுதினார். இணைக்காததைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து எடுத்துத் தரும்?

மறுநாள் பேத்தி ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இது அவ மாடு வித்த காசு… இது இவ சீட்டுப் பிடிச்ச பணம்…" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரர் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுக்காரிக்கும் தனி எண் ஏறிற்று. எந்தப் படிப்பிலும் வராத விவரம், எழுபது வயதுக் கிழவியின் மனசில் இருந்தது!

காதுகுத்துக்கு நானும் கூடப் போனேன். பழைய பாக்கியைத் தீர்த்து, புதிதாக ஐந்நூறும் சேர்த்து வைத்தாள் பெரியம்மா. மொய் எழுதுகிறவரிடம், "தம்பி, என் பேரை எழுது. கொடுக்கிறது நான்தான்" என்றாள். அந்த அம்மாள் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

உங்கள் வீட்டு மொய் நோட்டையும் இன்று ராத்திரி எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை பெண்களின் பெயர் இருக்கிறது? இல்லையானால், சொல்லத் தெரிந்த பாட்டி இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள்.