மேய்ப்பர் பதவிக்கு ஏன் இத்தனை போட்டி?

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) உள்விவகாரம் சில ஆண்டுகளாக நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கி வருகிறது. பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70-ஆக உயர்த்தும் விதித் திருத்தமும், சினாட் நிர்வாகிகளின் தேர்தலும் வழக்குக்கு உள்ளாயின. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைத் திருச்சபைக்கு நிர்வாகிகளாக நியமித்தது. அதையடுத்து பிரச்னை தில்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது.

ஆன்மிகப் பணியில் மூன்று ஆண்டுகள் கூடுதலாக இருப்பதற்கு இவ்வளவு பெரிய சட்டப் போராட்டம் எதற்கு?

பேராயரின் ஊதியம் இதற்கு விடையாகாது. அப்பதவியோடு பிணைந்துள்ள அதிகாரமே விடை. போதகர்களை இடமாற்றம் செய்பவர் பேராயர். திருமண்டலத்தின் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலங்கள் ஆகியவற்றின் நிர்வாகமும் பெரும்பாலும் அவரைச் சுற்றியே அமைகிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியருக்கு ஊதியம் தருவது அரசுக் கருவூலம். நியமிப்பதோ திருமண்டல நிர்வாகம். ஒரு பணியிடம் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும் நாட்டில், அந்த நியமனத்தைத் தீர்மானிக்கும் நாற்காலிக்குப் போட்டி எழாமல் இருக்குமா?

பேராயர் பதவி காலியானால் திருமண்டலப் பேரவை வாக்களித்துச் சில பெயர்களைப் பரிந்துரைக்கிறது. அவர்களில் ஒருவரை சினாட் தேர்வு செய்கிறது. ஜனநாயகம் கலந்த நல்ல முறைதான். ஆனால், அணி சேர்ப்பும் சாதிக் கணக்கும் நுழைந்துவிட்டால் அது சட்டமன்றத் தேர்தலின் சிறு வடிவமாகிவிடும். குற்றம் குருமார்கள் மீது மட்டுமன்று. லே செயலர், பொருளாளர் பதவிகளுக்காக அணி கட்டும் விசுவாசிகளுக்கும் இதில் பங்குண்டு.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா, 1912-ல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945-ல் மறையும்வரை தெலுங்கு கிராமங்களின் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றினார். அவர் விட்டுச்சென்ற மரபுக்கு நீதிமன்ற வாசல் பெருமை சேர்க்காது.

சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு அளித்துள்ளது. வெளியார் தலையிடலாகாது என்ற வாதம் நியாயமானதே. அப்படியானால் சீர்திருத்தத்தைத் திருச்சபையே செய்தாக வேண்டும். ஆசிரியர் நியமனத்துக்குத் தகுதி, முன்னுரிமைப் பட்டியலை வெளியிடட்டும். சொத்துக் கணக்குகளைச் சுதந்திரமான தணிக்கைக்கு உட்படுத்தி, சந்தா செலுத்தும் ஒவ்வொருவரின் பார்வைக்கும் வைக்கட்டும். நிறுவனங்களின் நிர்வாகத்தைப் பேராயரின் பொறுப்பிலிருந்து பிரிக்கட்டும்.

நீதிமன்றம் நிர்வாகிகளை நியமிக்கலாம். மேய்ப்பர்களை உருவாக்க இயலாது. சாவிக்கொத்தைப் பிரித்துவிட்ட பிறகும் அப்பதவியை நாடி வருவோர் எவரோ, அவர்களே திருச்சபைக்குத் தேவையானவர்கள்.