தூய நீர் வாங்கும் பொருளன்று!



சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், மீஞ்சூருக்கு அடுத்தாற்போல் அனுப்பம்பட்டு என்னும் நிலையம் வரும். அங்கிருந்து வடகிழக்கே சென்றால் பழவேற்காடு ஏரியையும் அதன் கரையிலுள்ள மீனவர் கிராமங்களையும் காணலாம். ஒடிசாவிலுள்ள சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இந்த வட்டாரத்தில் தண்ணீருக்கும் குறைவில்லை, உப்புக்கும் குறைவில்லை. சென்னை நகரத்துக்காகவும் பயிர்களுக்காகவும் பல ஆண்டுகள் கிணறுகளிலிருந்து அளவுக்கு மீறி நீரை இறைத்ததால், மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் தூரம் புகுந்துவிட்டது.

இப்படிப்பட்ட வட்டாரத்திலுள்ள ஒரு பள்ளியின் சோதனைச்சாலையில் மாணவி ஒருத்தி நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவளுக்குக் கொடுக்கப்பட்ட உப்பு ஒரு நைட்ரேட். அவள் அதை நீரில் கரைக்கிறாள். நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்க்கிறாள். பிறகு சில சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விடுகிறாள். தயிர்போல வெண்மையான வீழ்படிவு தோன்றுகிறது. "குளோரைடு" என்று எழுதுகிறாள். விடை தவறு! அவள் செய்முறையில் பிழையில்லை, கண்ணும் அவளை ஏமாற்றவில்லை. குளோரைடு இருந்தது உண்மைதான். ஆனால் அது இருந்தது உப்பில் அன்று, அவள் ஊற்றிய "வடிநீரில்"!

இதனால் மதிப்பெண் குறைவது சிறிய நஷ்டம். தன் கண்ணால் கண்டதை நம்பக் கூடாது என்று அவள் கற்றுக்கொள்கிறாளே, அதுதான் பெரிய நஷ்டம்.

எது தூய நீர்?

தூய நீர் மின்சாரத்தை மிகமிகக் குறைவாகவே கடத்தும். கரைந்துள்ள உப்புகளின் அயனிகளே மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. ஆகவே, மின்கடத்துதிறனை அளந்தால் நீரின் தூய்மை தெரிந்துவிடும். கடல்நீரில் இது சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமன்ஸ். சோதனைச்சாலை நீருக்குச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1987ஆம் ஆண்டில் மூன்று தரங்களை வகுத்தது. அவற்றுள் கடைசியான மூன்றாம் தரத்துக்கே இந்த அளவு 5க்கு மேல் போகக் கூடாது. முதல் தரத்துக்கு 0.1. முற்றிலும் தூய நீரென்றால், 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 0.055 மட்டுமே.

ஜெர்மன் விஞ்ஞானி கோல்ராஷ், 1894ஆம் ஆண்டில் ஹைட்வைலருடன் சேர்ந்து இந்த எல்லையை நெருங்கினார். அதற்காக நீரை வெற்றிடத்தில் 42 முறை வடித்தார்கள்! இத்தனை பாடுபட்டுப் பெற்ற நீரைத் திறந்து வைத்தால் என்னவாகும்? காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து, கடத்துதிறன் பல மடங்கு ஏறிவிடும். மட்டமான கண்ணாடிக் குப்பியில் வைத்தால், கண்ணாடியிலிருந்தே சோடியம் கரைந்து வரும். நீரைவிடச் சிறந்த கரைப்பானைக் காண்பது அரிது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே குணம்தான் இங்கே தொல்லை கொடுக்கிறது.

ஓசையின்றிக் கெடும் சாதனம்

பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பது நீர் வடிக்கும் மின்கலம். கடினநீரை அதில் கொதிக்க வைக்கும்போது, கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூடேற்றும் கம்பிச்சுருளின் மேல் வெள்ளையாகப் படிகின்றன. படிவு தடித்தால் மின்சாரம் வீணாகும், சுருளும் எரிந்துபோகும். இதைவிட மோசமான கேடு ஒன்று உண்டு. நீர் ஆவியாக ஆக, கலத்தில் எஞ்சும் நீரில் உப்பு செறிந்துகொண்டே போகிறது. அது நுரைத்துப் பொங்கும்போது, உப்பு நீரின் நுண்துளிகள் ஆவியோடு சேர்ந்து மறுபக்கம் போய்விடுகின்றன. நம் மாணவியை ஏமாற்றிய குளோரைடு வந்த வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வேறு சில இடங்களில் சவ்வூடு எதிர்ப்பரவல் முறையில் இயங்கும் சாதனம் இருக்கும். நீங்கள் வீட்டில் "ஆர்.ஓ." என்று சொல்வது இதைத்தான். இதற்கு உதவும் சவ்வை 1960ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் உருவாக்கிய இருவர் சிட்னி லோபும், இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் ஆவர். பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் அளவில் அமைக்கப்பட்டு 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆலையும் இம்முறையில் கடல்நீரைக் குடிநீராக்குவதற்காகக் கட்டப்பட்டதே. இன்று பெரிதும் பயன்படும் பாலிஅமைடு சவ்வுக்குக் குளோரின் எமன். குழாய் நீரிலுள்ள குளோரினை முன்னால் நிற்கும் கரி வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. கரி தீர்ந்துபோனால் என்ன நேரும்? தண்ணீர் வழக்கம்போல் வந்துகொண்டேயிருக்கும். உள்ளே சவ்வு மட்டும் மெல்ல மெல்ல அழியும்.

அடுத்து, எஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் பிசின் குடுவையைப் பாருங்கள். பிசின் நேர் அயனிக்குப் பதில் ஹைட்ரஜன் அயனியையும், எதிர் அயனிக்குப் பதில் ஹைட்ராக்சில் அயனியையும் தருகிறது. இரண்டும் கூடினால் நீர்! ஆனால் அதன் சரக்குக்கும் ஓர் அளவு உண்டு. தீர்ந்த பிறகு உப்பு அப்படியே தாண்டிப் போகும்.

கடைசியாக, சேமிப்புத் தொட்டி. வடிநீரில் உயிர்கள் வாழ உணவேது என்று நினைப்பீர்கள். மருத்துவமனைகளில் கிடைத்த சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வடிநீரிலேயே பெருகுவதை 1971ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். தொட்டியின் சுவரில் விரலுக்கு வழவழப்பாகத் தட்டுப்படும் படலம் இத்தகைய நுண்ணுயிர்களின் குடியிருப்புதான். இவற்றைக் கடத்துதிறன் மானி காட்டாது!

என் கருத்து

"வம்பெதற்கு? 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்கினால் போதுமே" என்பார்கள் சிலர். அது வயிற்றுக்கு ஏற்ற நீர். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த பொருள்கள் இருப்பதை அதற்கான இந்தியத் தரம் அனுமதிக்கிறது. சில்வர் நைட்ரேட்டுக்கு அது ஏற்றதன்று. "புதுச் சாதனம் வாங்கித் தாருங்கள்" என்பார்கள் வேறு சிலர். பராமரிக்க ஆளில்லாத இடத்தில் புதியதும் பழையதாவதற்கு அதிக நாளாகாது. வாங்குவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், மாற்று வடிகட்டிக்கும் பிசினுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய பணமும் வீண்.

"இது உதவியாளர் வேலை, பாடத்தில் இல்லை" என்று சொல்வோரும் உண்டு. இதை நான் ஏற்கவில்லை. கரைதல், ஆவியாதல், அயனிகள், கடினநீர், நுண்ணுயிர் என்று நீங்கள் படிப்பவை எல்லாம் அந்த ஒரு சாதனத்துக்குள் இருக்கின்றன. அதைவிட நல்ல பாடம் வேறு ஏது?

ஆகவே, உங்கள் ஆசிரியரிடம் சொல்லி ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். சோதனை நாளன்று காலையில் வடிநீரின் கடத்துதிறனை அளந்து, தேதியுடனும் அளந்தவர் பெயருடனும் எழுதுங்கள். மானி இல்லையென்றால், சோதனைக் குழாயில் சிறிது வடிநீரை எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் இட்டுப் பாருங்கள். கலங்கினால் அன்று அந்த நீர் வேண்டாம். வடிகலத்தில் எஞ்சிய நீரை அவ்வப்போது வெளியேற்றுங்கள். படிவை நீர்த்த சிட்ரிக் அமிலத்தால் கரைத்து, நன்றாகக் கழுவி, அதன்பின் முதலில் வடியும் நீரைக் கொட்டிவிடுங்கள். மின் இணைப்பைத் துண்டித்து, கலம் ஆறிய பிறகு, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். தொட்டியை மூடி வையுங்கள். தவணை தவறாமல் கழுவுங்கள். வடிகட்டி மாற்றிய நாளையும் எழுதி வையுங்கள். ஒரு மாத எண்களை வரைபடமாகப் போட்டால், கோடு ஏறுவதைப் பார்த்தே, கெடுவதற்கு முன் நீங்கள் எச்சரிக்கை செய்யலாம்.

பழவேற்காட்டுக் கரையில் மீனவர்கள் வலையை உலர்த்தி, கிழிந்த கண்ணிகளைச் சீர்செய்துகொண்டு அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலை வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று அவர்களில் யாரும் சொல்வதில்லை. மீன்பிடித் தொழிலில் அதுவும் ஒரு பகுதி. ஒரே ஒரு வேற்றுமை: வலை கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். வடிநீர் கெட்டால் தெரியாது. அது எப்போதும்போல் தெளிவாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிழிசலைக் காட்டுவது உங்கள் குறிப்பேடுதான்.

நாளைக்கே உங்கள் சோதனைச்சாலைக்குப் போய் அந்த நீர்த்தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று உங்களுக்கே தெரியும்.