பொய் சொல்லும் முட்கள்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் இன்னும் சில இல்லங்களில் உழைத்துக்கொண்டிருக்கிறது. இத்தகைய பழைய வாகனத்தில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒருசேரப் பிழை காட்டினால், மீட்டர்களை மாற்ற விரையாதீர்கள். இரண்டிற்கும் பொதுவான ஃபியூஸ், துருவேறிய எர்த் இணைப்பு, ஸ்டெபிலைசர் இருப்பின் அது ஆகியவற்றை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் பிழைத்தால் பழுது பெரும்பாலும் அதற்குரிய சென்சாரிலோ கம்பியிலோ இருக்கும். டேங்கினுள் மிதவை ஓட்டையாகி மூழ்கினால், எவ்வளவு பெட்ரோல் நிரப்பினாலும் முள் எழாது. அங்கே தீப்பொறி ஆபத்து, மெக்கானிக்கே பார்க்கட்டும். அதுவரை ஓடிய கிலோமீட்டரைக் குறித்துவைத்துச் சமாளிக்கலாம்.

வெப்ப முள் அப்படியன்று. இஞ்சின் கொதிப்பதை அது மறைத்துவிட்டால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துபோகும். குடும்பத்தோடு நெடும்பயணம் புறப்படுமுன் அதைச் சரிசெய்தே ஆகவேண்டும். வழியில் கொதித்துவிட்டாலோ, ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.