டை வெட்டுவதற்கு முன்னால்

எலெக்‌ஷன் டியூட்டி பற்றி வங்கிக்காரர்கள் வீட்டில் சொல்லத் தேவையில்லை. 2024 மே 13, புனேயில் ஓட்டுப்பதிவு. ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு மைக்ரோ அப்சர்வர் வேலை, அதாவது நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது. நான் அதிகம் பார்த்தது அந்த மெஷினைத்தான்.

அதிகாரி 'பாலட்' பட்டனை அழுத்தினால்தான் ஒரு ஓட்டுக்கு வழி திறக்கும். ஓட்டுப் போட்டதும் நீலப் பட்டன் பக்கத்தில் சிவப்பு விளக்கு, பிறகு நீளமாக ஒரு பீப். எழுத்தே தெரியாத பாட்டிக்கும் வேலை முடிந்தது என்று புரிகிறது. வேட்பாளர் இல்லாத பட்டன்கள் மூடியிருக்கும். எண்ணும் நாளில் ரிசல்ட் பட்டனைத் தொட வேண்டுமானால் குறுக்கே இருக்கும் பச்சைக் காகித முத்திரையைக் கிழித்தே ஆகவேண்டும். இதில் எது இன்ஜினியர் வேலை, எது டிசைனர் வேலை என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!

இதைத் தயாரிப்பவை பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத் இசிஐஎல்லும். இன்று நாம் பார்க்கும் உருவத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் ஐஐடி மும்பையின் டிசைன் பள்ளியான ஐடிசி ஆசிரியர்கள் ஏ.ஜி.ராவ், ரவி பூவையா. 1982இல் கேரளத்துப் பறவூரில் முதன்முதலாகச் சோதித்த மெஷின், 2004இல் நாடு முழுக்க எல்லா மக்களவைத் தொகுதிகளுக்கும் போனது.

இப்போது என் கதை. (கதை இல்லை, என் தப்பு.) சில வருஷம் முன்பு போசரி பக்கம் ஒரு சின்ன இன்ஜினியரிங் யூனிட்டுக்கு டேர்ம் லோன் சிபாரிசு செய்தேன். கேன்டீன்களுக்குக் காய்கறி நறுக்கும் மெஷின். முதலாளி நல்ல மெக்கானிக்கல் இன்ஜினியர், மோட்டாரும் பிளேடும் அருமை. பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஷெட், பிரஸ், டை, ஆபீஸ் ஏசி வரை எல்லாம் இருந்தது. டிசைன் செலவு என்று ஒரு வரிகூட இல்லை. பி.காம் படித்த நான் டெட் ஈக்விட்டி ரேஷியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அந்த வரி எங்கே என்று கேட்கவில்லை.

மூடி திறக்கும் திசை தப்பு. கழுவ வேண்டுமானால் சமையல் அம்மாக்கள் பிளேடைத் தாண்டிக் கைவிட வேண்டும். இரண்டாவது ஆர்டர் எங்கிருந்தும் வரவில்லை. அப்புறம்தான் ஒரு டிசைனரைக் கூப்பிட்டார்கள், "கொஞ்சம் அழகு பண்ணிக் கொடுங்க" என்று. அந்தப் பெண் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, கீலை இடம் மாற்ற வேண்டும், டை புதிதாக வெட்ட வேண்டும் என்றாள். அதற்குப் பணம் இல்லை. கணக்கு என்பிஏ ஆனது.

நம் கம்பெனிகளுக்கு டிசைனர் என்றால் கடைசியில் வந்து பெயிண்ட் அடிப்பவர். டிசைனர்களிலும் ஷாப் ஃப்ளோரை மிதிக்காமல் கம்ப்யூட்டரிலேயே படம் காட்டுபவர்கள் உண்டு, அவர்களை நம்பி டை வெட்டினால் அதுவும் போச்சு. ஆனால் பெரிய குற்றவாளி எங்கள் வங்கித் தொழில்தான் என்பேன். இரும்புக்கு அடமானம் எழுதலாம், யோசனைக்கு எழுத முடியாது. அதனால் அந்தச் செலவை ரிப்போர்ட்டில் காட்டவே தயங்குகிறார்கள். இத்தனைக்கும் சிறு தொழில்களுக்காகவே 2010இல் மத்திய அரசு அகமதாபாத் என்ஐடி மூலம் டிசைன் கிளினிக் திட்டம் கொண்டுவந்தது, செலவில் ஒரு பங்கு மானியம். லோன் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. நானும்தான், அந்த லோன் போன பிறகே படித்தேன்.

இப்போதெல்லாம் டைக்குக் கொட்டேஷன் வைத்தால், மாதிரி மெஷினை யார் ஓட்டிப் பார்த்தார்கள், யார் கழுவிப் பார்த்தார்கள் என்று எழுதிக் கேட்கிறேன். போன வாரம் ஒருவர் மேனேஜரிடம் புகார் சொல்லியிருக்கிறார், இந்த மதராசி சாஹிப் பாத்திரம் கழுவுவதைப் பற்றியெல்லாம் கேட்கிறார் என்று.