மருந்து உண்டு, விடுப்பு உண்டா?

இராமாநுசர் அவதரித்த தலம் என்று நம் பாட்டனார் அறிந்திருந்த திருப்பெரும்புதூர் இன்று காரும் கைப்பேசியும் பிறக்கும் ஊர். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை விடியுமுன்னே ஓடும் கம்பெனிப் பேருந்துகளில் சன்னலோரம் தலைசாய்த்திருக்கும் அத்தனை பேரும் வேலைக் களைப்பினால்தான் அப்படியிருக்கிறார்களா? சிலருக்கு உறக்கமில்லை, பசியில்லை, வாழ்வில் பிடிப்பில்லை. அதைச் சோம்பல் என்கிறோம், காதல் தோல்வி என்கிறோம், காத்து கருப்பு என்றும் சொல்லிவிடுகிறோம். மருத்துவம் அதனை மனச்சோர்வு நோய் என்கிறது.

இந்நோய்க்கு மாத்திரைகள் உண்டு. பலருக்குக் குணமும் தெரிகிறது. ஆனால் இரண்டு வகை மாத்திரைகளை உரிய அளவில், உரிய காலம் உட்கொண்டும் தேறாதவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்காக, எஸ்கெட்டமின் என்னும் மருந்தை மூக்கில் தெளிக்கும் முறைக்கு அமெரிக்க அரசு 2019 மார்ச்சில் இசைவளித்தது. இதன் தாய்ப்பொருளான கெட்டமின் 1962இல் உருவாக்கப்பட்டு, அறுவை அரங்குகளில் மயக்க மருந்தாக அரை நூற்றாண்டுக்கு மேல் பழகியது. மாத்திரைகள் பயன்தர வாரக்கணக்கில் ஆகும். இதுவோ சிலருக்கு ஒரே நாளில் பயன் காட்டுகிறது.

சளி மருந்துபோல் கடையில் வாங்கி வீட்டில் தெளித்துக்கொள்ளும் பொருளன்று இது. மருத்துவமனையில், கண்காணிப்பவர் முன்னிலையில் நோயாளி தெளித்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் ஏறலாம், தலை சுற்றலாம், தன் உடலைவிட்டுத் தானே விலகி நிற்பதுபோல் தோன்றலாம். எனவே குறைந்தது இரண்டு மணி நேரம் அங்கேயே இருத்துவர். இரவு நன்கு உறங்கி மறுநாள் எழும்வரை வண்டி ஓட்டலாகாது, இயந்திரத்தைத் தொடலாகாது. முதல் நான்கு வாரங்கள் வாரம் இருமுறை. அடுத்த நான்கு வாரங்கள் வாரம் ஒருமுறை. போதைக்காகத் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டாதலால் இத்தனை காவலும் நியாயமே.

இப்போது ஒரகடத்துக் கணக்கைப் போடுவோம். எட்டு வாரத்தில் பன்னிரண்டு நாள். தெளித்த அன்று பிரஸ் ஓட்ட முடியாது. இரவு ஷிப்டும் பார்க்க முடியாது. ஒப்பந்தத் தொழிலாளி பன்னிரண்டு முறை வரவில்லையென்றால் மேற்பார்வையாளர் என்ன சொல்வார்? வயிற்றுவலி என்று எத்தனை முறைதான் பொய் சொல்வது! துணைக்கு வர ஆள் வேண்டும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண்கள் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். தொலைதூர மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுடன் போக, அன்றைய கூலியை இழந்து வரக்கூடிய தோழி யார்?

விலையுயர்ந்த அயல்நாட்டு மருந்து நம் தொழிலாளிக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. காப்பீட்டில் உடல்நோய்க்கும் மனநோய்க்கும் வேற்றுமை கூடாதென்கிறது. இந்த மருந்தே வேண்டும் என்று நான் வாதிடவில்லை. மலிவான பழைய கெட்டமினையே நரம்பில் ஏற்றும் முறை உண்டு. திரைப்படங்களால் வீணாய்ப் பழிபெற்ற மின்னதிர்வுச் சிகிச்சையும் உண்டு. எதைத் தேர்ந்தாலும் ஒரு மனநல மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் இரத்த அழுத்தக் கருவி, சில கட்டில்கள் கொண்ட அறை வேண்டும். அந்த அறை தொழிற்பேட்டைக்கு அருகிலேயே வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதற்கு முன்படி ஒன்றும் உண்டு. 2024இல் தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ ஆலைக்குள்ளேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதே மேசையில், ‘இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா? எதிலும் நாட்டமில்லையா?’ என்று இரண்டு கேள்விகள் கேட்க என்ன செலவாகும்? பேச ஆளின்றித் தவிப்போருக்கு 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் 2022 முதல் இருக்கிறது. விடுதிச் சுவரில் அதை எழுதி வைக்கலாம்.

ஈட்டுறுதித் திட்டத்தில் இருப்போர்க்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. அதைக் கேட்கும் துணிவு வர, காரணம் கேட்காத விடுப்பை ஆலைகள் தர வேண்டும். மூன்று ஷிப்டுக்கும் பேருந்து விடும் நிறுவனங்கள், வாரம் இருமுறை மருத்துவமனை வாசலுக்கு ஒரு வேன் விடட்டுமே.