புயல் சாதி பார்க்காது, சரி, எச்சரிக்கை?

"இயற்கைச் சீற்றத்துக்கு ஏழை, பணக்காரர், சாதி, மதம் எதுவும் தெரியாது." ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதங்களில் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். குமரிக் கடற்கரையில் வளர்ந்த நான் இதை ஏற்கவில்லை. புயலுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் புயல் பற்றிய செய்தி யாருக்கு, எப்போது, எந்த மொழியில் போய்ச் சேர்கிறது என்பதில் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன.

ஒக்கியை எடுத்துக்கொள்வோம். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் படகுகளோ பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போயிருந்தன. "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பால் ஏற்கெனவே நடுக்கடலில் இருப்பவருக்கு என்ன பயன்? அவரை எட்டும் தொலைத்தொடர்பு வசதியும் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடி மீனவர்களே படகெடுத்துப் போனார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்து நீதி கேட்டார்கள்.

புணே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்சி மேத்யூ கோல் போன்றவர்கள் அரபிக்கடல் சூடாவதைப் பொதுவெளியில் தொடர்ந்து பேசிவருகிறார்கள். அவரும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1982–2000 காலத்தோடு ஒப்பிட்டால் 2001–2019இல் அங்கே புயல்கள் 52 விழுக்காடு கூடியிருக்கின்றன. சூடான கடல் புயலை வேகமாக வலுவாக்குகிறது. அப்படியானால் கரை திரும்பக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. விழுக்காட்டை இப்படி மணிக்கணக்காக மாற்றிச் சொல்வதுதான் நிபுணரின் பொதுப்பணி.

அதோடு அது முடிவதில்லை. காற்றும் மழையும் இல்லாத நாளில், தொலைவிலுள்ள தென் பெருங்கடலில் எழுந்த அலைகள் இங்கே திடீரெனக் கரையேறும். எங்கள் கரையில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். இன்று ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் மையம் அதே சொல்லால்தான் எச்சரிக்கை விடுகிறது. சொல் அறிவியலுக்குள் போய்விட்டது. சொன்னவர் மட்டும் இன்னும் "படிக்காத மீனவர்". யாருடைய அனுபவம் அறிவு, யாருடையது வெறும் பிழைப்பு என்று பிரித்து வைத்திருப்பதும் சாதிதான்.

நாஞ்சில் நாட்டு வயலிலும் இதே கதை. 2021 நவம்பர் வெள்ளம் போன்ற பேரிடர்களில் பயிர் இழப்பீடு நிலத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வேலை இழந்த நிலமற்ற தலித் கூலித் தொழிலாளிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. "விவசாயிகள் பாதிப்பு" என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோகும் நிபுணரும் இந்த மறைப்புக்குத் துணைபோகிறார்.

எனவே தோழர்களே, உங்கள் கல்லூரியில் காலநிலைக் கருத்தரங்கம் நடந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆய்வு கடற்கரைக்கும் சேரிக்கும் எந்த மொழியில் போகிறது? பாதிப்புக் கணக்கில் நிலமற்றவர் இருக்கிறாரா? மேடையில் மீனவருக்கும் கூலித் தொழிலாளிக்கும் நாற்காலி போட்டிருக்கிறதா?