சித்திரம் பயிலத் தொடங்குவார்க்கு

சித்திரம் பிறவிக் கொடையென்பர் பலர். முதற்படம் கோணிற்றென்று எழுதுகோலை அன்றே கீழே வைத்தவர் எம் தோழருள்ளும் உளர். எஞ்சியோர் அச்சுப்படங்களைப் பார்த்தெழுதுவதையே பயிற்சியெனக் கொள்கின்றனர். அது தொடக்கமாகாதென்பது எம் கருத்து. பிறர் கண்டு முடித்ததைப் பெயர்த்தெழுதுங்கால் கை உழைக்கும், கண் உறங்கும்.

அவர்கள் மாட்டுத்தாவணிக்குச் செல்வாராக. மாட்டுச் சந்தையாற் பெயர்பெற்ற அவ்விடத்தில் 1999 முதல் பேருந்து நிலையம் உள்ளது. நிற்கும் பேருந்தொன்றை மூலையினின்று நோக்குக. கூரைவிளிம்பு அப்பாற் செல்லச்செல்லத் தாழ்கின்றது. சக்கரங்கள் நிலந்தொடும் கோடோ உயர்கின்றது. இரண்டும் நம் கண்மட்டத்தில் ஒரு புள்ளியை நாடுவன. அருகே பூச்சந்தையிற் கூடையின் வாய் வட்டமென்று அறிவோம். பக்கத்தே நின்று பார்ப்பார்க்குத் தோன்றுவது நீள்வட்டமே. தொடக்கத்தார் இடறுவது ஈண்டுத்தான்: அறிந்ததை எழுதுகின்றனர், கண்டதை விடுகின்றனர்.

வடகிழக்கே யானைமலை. அதனை எழுதப்புகுவார் பெயரை நினைந்து தும்பிக்கையைத் தேடுவர். அது வேண்டா. கையை முழுதும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, மலையின் உயரம் அதன் நீளத்துள் எத்தனை முறை அடங்குமென எழுதுகோலால் அளந்துகொண்டால், யானை தானே வரும்.

மதுரையில் 1936-இல் பிறந்து 2022-இல் மறைந்த மனோகர் தேவதாஸ், பார்வைப் புலத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கும் விழித்திரை நோயுற்ற பின்னும் இந்நகரை நுண்ணிய மைக்கோடுகளால் வரைந்தார். அக்கோடுகளிற் கைவளத்தினும் மிகுதியாக யாம் காண்பது பார்த்தலின் பொறுமையே.

வண்ணங்கள் காத்திருக்கலாம், கரிக்கோலும் தாளும் இப்போதைக்குப் போதும். கூட்டம் சூழ்ந்து நகைக்குமோவென அஞ்சுவார்க்கு ஒன்று: மாட்டுத்தாவணியில் அவரவர்க்கு அவரவர் பேருந்தே கவலை.